இடது பக்கம் தெரியவில்லை

கர்த்தருடைய தயவினால் உங்கள் முன் நிற்கிறேன். இதே சபையில் ஒருமுறை பொய்ச் சாட்சி சொன்னவன் நான். அதைத் திருத்திச் சொல்லவே எழுந்தேன். நடுவில் யாரும் அல்லேலூயா சொல்ல வேண்டாம். கேட்டால் போதும்.

என் பெயர் ஏசுவடியான். சின்னமனூர்ப் பக்கத் தோட்டங்களிலிருந்து தேனி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிப் போகிற பழைய பிக்கப் வண்டி என்னுடையது. மலைமேல் ஓர் எஸ்டேட்டில் இருபது வருஷம் ஓடிக் கழித்துப் போட்ட வண்டி. டிரைவர் கதவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி. இடது பக்கம் ஒன்றும் கிடையாது. தார் ஏற்றிவிட்டால் முதுகுக்குப் பின்னாலிருக்கும் சன்னலும் மறைந்துவிடும்.

"அந்தப் பக்கமும் ஒரு கண்ணாடி மாட்டுனா என்ன?" என்று என் மனைவி கிருபை பலமுறை கேட்டாள்.

"பத்து வருசமா ஓட்டுறேன். எனக்குத் தெரியாதா?" என்பேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஆடி மாதம். அனுமந்தன்பட்டித் தோட்டம் ஒன்றில் தார் ஏற்றினோம். ஏற்றுகிறவர்களில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி. முப்பது வயது இருக்கும். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். வேலை முடிந்து மற்றவர்கள் வாய்க்காலுக்குக் கை கழுவப் போனார்கள். அவளும் போய்விட்டாள் என்று நினைத்தேன். வண்டியை இடது பக்கம் ஒடித்துப் பின்னால் எடுத்தேன். கீழே விழுந்திருந்த ஒரு தாரைத் தூக்க அவள் அங்கே குனிந்திருந்தாள். சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. கல் என்று நினைத்தேன்.

தார்களைத் தள்ளிவிட்டு அதே வண்டியில் அவளைக் கிடத்தி உத்தமபாளையம் கொண்டுபோனேன். அங்கிருந்து மதுரை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை, பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, இந்த உயிரை மட்டும் தாரும், நீர் என்ன சொன்னாலும் செய்கிறேன் என்று அழுதேன். ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது. அவள் கஞ்சி கேட்டாள்.

அந்த ஒன்பது நாளுக்குள் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். போலீஸ்காரர் விசாரித்தபோது, "பின்னால வராதேன்னு மூணு தடவை சத்தம் போட்டேன் சார். அது கேக்காம வந்துருச்சு" என்றேன். எழுதிக்கொண்டார். பார்த்தவர்கள் யாரும் இல்லை. என் மேல் வழக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு இங்கே நின்று, நான் சத்தம் போட்டும் கேட்காமல் வந்தவளின் உயிரைக் கர்த்தர் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். வீட்டுக்கு வந்ததும் கிருபை கேட்டாள்: "நெசமாவே நீங்க சத்தம் போட்டீகளா?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அவள் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது.

அதன் பிறகு என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் அன்றைக்குச் சக்கரம் ஏறி இறங்கியதுதான் நினைவுக்கு வரும். உபவாசம் இருந்தேன். இந்தப் பயத்தை எடுத்துப்போடும் என்று கெஞ்சினேன். பயம் போகவில்லை. எனக்குக் கடவுள் மேலேயே கசப்பு வந்தது. கடைசியில் ஒரு நாள், நான் என்ன செய்ய வேண்டும், சொல்லும் என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பேச்சியம்மாள் பஸ் ஏறி என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அக்குளில் ஊன்றுகட்டை. அண்ணே என்று கூப்பிடவில்லை.

"நீ சத்தம் போட்டியா?"

"இல்ல தாயி."

"எங்க வீட்டுக்காரரே என்னையத்தான் ஏசுறாரு. கூப்பாடு போட்டும் போய் நின்னவதானேங்கிறாரு. ஊரே அதைத்தான் சொல்லுது. கால் போனது போச்சு. இந்தப் பேரை நான் சொமக்க மாட்டேன். எங்கன பொய் சொன்னியோ அங்கனயே போய்ச் சொல்லு."

ஆண்டவரிடம் கேட்டதற்குப் பதில் இதுதான் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நான் எதிர்பார்த்த பதில் இல்லை. மறுநாள் ஸ்டேஷனில் உண்மையைச் சொன்னேன். உத்தமபாளையம் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். நாலு மாதம் ஜெயில். லைசென்ஸையும் பிடுங்கிக்கொண்டார்கள். வெளியே வந்தபோது கிருபை பாதியாக இளைத்திருந்தாள். இந்தச் சபையிலும் சிலர் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வண்டியை விற்றுவிடுவதாக இருந்தேன். பேச்சியம்மாளுக்கு அது எப்படியோ தெரிந்து மறுபடி வந்தாள். "வாங்குறவனுக்கு மட்டும் அந்தப் பக்கம் தெரியுமாக்கும்? முதல்ல அதைச் சரி பண்ணு" என்றாள்.

சின்னமனூர் மெக்கானிக் ஒருவர், உடைத்துப் போட்ட லாரியிலிருந்து இரண்டு நீளக் கண்ணாடிகளை எடுத்தார். பாரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கம்பி வளைத்துப் பற்றவைத்தார். ஓடும்போது ஆடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் இரண்டு முட்டுக் கம்பி. இடது கண்ணாடிக்குக் கீழே, அகலமாகக் காட்டுகிற ஒரு குமிழ்க் கண்ணாடி. சன்னல் மறையாமல் தாரை எவ்வளவு உயரம் அடுக்கலாம் என்று கோடும் போட்டுக் கொடுத்தார்.

பேச்சியம்மாள் சுண்ணாம்புக் கட்டியோடு பட்டறைக்கு வந்தாள். என்னை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, கட்டையை ஊன்றி வண்டியைச் சுற்றி நடந்தாள்.

"இப்பத் தெரியுதா?"

"தெரியுது."

"இங்கன?"

"தெரியலை."

தெரியாத இடத்திலெல்லாம் தரையில் கோடு போட்டாள். மெக்கானிக் கண்ணாடியைத் திருப்பினார். மறுபடி நடந்தாள். ஒரு மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் இடது பின்சக்கரத்தை ஒட்டி ஒரே ஓர் இடம் மிஞ்சியது. எப்படித் திருப்பினாலும் அங்கே அவள் தெரியவில்லை. அன்றைக்கு அவள் குனிந்திருந்த இடம் அதுதான்.

"இதுக்குக் கண்ணாடி கெடையாது. எறங்கித்தான் பாக்கணும்" என்றாள்.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்த பிறகு, இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றாமல் நான் பின்னால் எடுத்ததில்லை. அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. போகவும் வேண்டாம்.

ஒருமுறை அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் என்கிட்ட கேக்காத" என்றாள். இன்றுவரை தரவில்லை. தர வேண்டுமென்று நான் ஜெபிப்பதும் இல்லை. அது அவளுடையது.

ஆனாலும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். நான் கேட்ட சமாதானத்தை அவர் தரவில்லை. பொய்யோடு வாழவும் விடவில்லை. பிரியமானவர்களே, உங்களில் யாராவது ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டு அதை ஜெபத்தில் மட்டும் அறிக்கை செய்துகொண்டிருந்தால், எழுந்து அந்த மனிதர் வீட்டுக்குப் போங்கள். என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்க்காமல் போங்கள். கர்த்தரை நம்பிப் போகலாம். உங்களுக்கு முன்னால் அவர் அங்கே போயிருப்பார்.