அப்பாவுக்கு வாங்கிய மாயக்கதை

அம்மா செத்து முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சடங்கு முடிந்த பிறகும் அப்பா புத்தகத்தைத் தொடவில்லை. அதைக் கவனிக்கவே எனக்குப் பத்து நாள் எடுத்தது. சாப்பிட்டார், குளித்தார், கேட்டதற்கு ஓம், இல்லை என்று சொன்னார். மிச்ச நேரமெல்லாம் விறாந்தைக் கதிரையில் வாசல் படலையைப் பார்த்தபடி இருந்தார். படலைக்கு வெளியே ஊருக்குள் திரிகிற மான்கள் வந்து குப்பையைக் கிளறிவிட்டுப் போகும். முந்தியென்றால் எழும்பிப் போய்க் கலைப்பார்.

எனக்கும் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. செத்தவீட்டில் நான் அழவேயில்லை. "கல்லு மாதிரி நிக்கிறா" என்று ஒரு மாமி சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். கொள்ளியை அப்பாதான் வைத்தார். அண்ணா இருந்திருந்தால் அவன் வைத்திருப்பான். யுத்த காலத்தில், பத்தொன்பது வயதில், உப்புவெளிக்குப் போய்வாறன் என்று காலையில் சைக்கிளில் போனவன். அவனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. அவனுக்கு எங்கள் வீட்டில் திவசம் கொடுப்பதில்லை. திவசம் செத்தவர்களுக்குத்தான் என்பது அம்மாவின் கட்சி, அதில் யாரும் அவருடன் வாதாட முடியாது.

அப்பாவின் எழுபத்தாறாவது பிறந்தநாள் வந்தது. வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியும்வரை வீட்டில் கொண்டாட்டம் கூடாது, கேக் கிடையாது. ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தால் அது கொண்டாட்டமாகாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. இப்படியே கதிரையில் இருந்து அவரும் அம்மாவின் பின்னால் போய்விடுவார் என்ற பயம். அது ஒன்றுதான் அந்த நாட்களில் எனக்குள் கொஞ்சம் உயிரோடிருந்தது.

அப்பா துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வருகிற டக் படகில் முப்பது வருடம் வேலை செய்தவர். கப்பல் வரும்வரை படகில் சும்மா காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் சீட்டுக் கடதாசி விளையாடினார்கள், அப்பா மாயக்கதை வாசித்தார். பறக்கும் குதிரை, பேசும் மலை, ஏழு கடல் தாண்டிய அரக்கன். நான் கணக்குப் படிப்பிக்கிறவள். ஒரு குதிரை எப்படிப் பறக்கும் என்று சின்ன வயதிலேயே கேட்டு அவரைக் கடுப்பேற்றியிருக்கிறேன்.

நகரத்துப் புத்தகக் கடைக்காரர் கிண்ணியாக்காரர், என் பழைய மாணவி ஒருத்தியின் வாப்பா.

"அப்பாவுக்கு மாயாஜாலமோ? பேரப்பிள்ளைக்கெண்டு நினைச்சன் டீச்சர். உங்கட ஆக்கள் இந்த வயசில தேவாரம், புராணம் எண்டுதானே கேப்பினம்."

"அவருக்கு அரக்கன் வேணும்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு மேல்தட்டிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை இறக்கினார். அட்டையில் மூன்று கண் யானை, அதற்கு மேலே வானத்தில் ஒரு தோணி. வாங்கிவிட்டு வெளியே வந்த பிறகுதான் குண்டூசி ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டுப் புத்தகங்களில் சில பக்கங்கள் எப்போதும் குண்டூசியால் சேர்த்துக் குத்தப்பட்டிருக்கும். கடற்காற்றில் ஊசி துருப்பிடித்து, தாளில் செம்மண் நிறத்தில் கோடு விழுந்திருக்கும். அது அம்மாவின் வேலை என்று எனக்கு நல்லாகத் தெரியும். குண்டூசிப் பெட்டி அம்மாவின் தையல் மெசின் லாச்சியில்தான் இருந்தது. அப்பா வேலைக்குப் போகிற நேரம் அம்மா கையில் ஊசியோடு நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அப்பா மனம் உடைகிற இடங்களை அம்மா முதலில் வாசித்து மூடிவிடுகிறார், இதில் என்ன சந்தேகம்?

இப்போது அதை நான்தான் செய்ய வேண்டும். எதை மூட வேண்டும் என்று தெரிய வேண்டுமே. அப்பா குளிக்கப் போன நேரம் அலுமாரியைத் திறந்து பழைய புத்தகங்களில் ஊசிகளைக் கழற்றினேன். சாவுகள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ராணி நஞ்சு குடிக்கிற பக்கம், படைகள் அழிகிற பக்கம், எல்லாம் திறந்தே கிடந்தன. ஒரு புத்தகத்தில் மூடியிருந்தது, பாதாளத்தில் தொலைந்த இளவரசன் தாடியோடு அரண்மனை வாசலில் வந்து நிற்கிற இடம். அடுத்ததில், கிளியாக மாறியிருந்த மகன் தாயின் மடியில் மறுபடி மனிதனாகிற இடம். ஏழெட்டுப் புத்தகம் பார்த்தேன். காணாமல் போனவர்கள் திரும்பி வருகிற பக்கங்கள் மட்டும் குத்தியிருந்தன.

விளங்கியது. கணக்குச் சரிவந்த மாதிரி விளங்கியது, அவ்வளவுதான். ஊசிகளைப் பழைய துளைகளிலேயே திருப்பிக் குத்தி வைத்தேன்.

புதுப் புத்தகத்தை இரண்டு நாளாகப் பஸ்சிலும் பாடசாலை ஓய்வறையிலும் இருந்து வாசித்தேன். பனிமூட்டம் விழுங்கிய தோணிக்காரன் முடிவுக்குச் சற்று முன்னால் வீடு வந்து சேர்கிறான், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு "பசிக்குது" என்கிறான். ஆறு பக்கம். அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்த ஆறையும் சேர்த்து ஊசி குத்தினேன்.

பிறந்தநாளன்று புத்தகத்தைச் சுற்றாமல் அப்படியே அப்பாவின் மடியில் வைத்தேன். யானையைப் பார்த்தார். பக்க விளிம்பில் பெருவிரலை ஓட்டினார், விரல் ஊசியில் நின்றது.

"இது ஆருக்குப் பிள்ளை குத்தினது?"

"உங்களுக்குத்தான் அப்பா."

"எனக்கேன்?"

"அம்மா குத்தித் தாறவதானே."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒன்றரை மாதத்தில் அவர் என்னைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

"அம்மாவோ? நானெல்லோ குத்தினனான். அவவுக்கு. டக்கில இருந்து வாசிச்சு முடிச்சு, குத்திப்போட்டுத்தான் வீட்ட கொண்டாறனான். ஒருக்கா மறந்துபோய் ஒண்டை விட்டிட்டன். அதை வாசிச்சுப்போட்டு ஒரு கிழமை படலையைப் பூட்ட விடேல்ல. ஒவ்வொரு நாளும் சோத்தில ஒரு பங்கு எடுத்து மூடி வைச்சவ."

"நான் பாத்தனானே, அம்மா ஊசியோட நிண்டதை."

"புதுப் புத்தகம் கொண்டுபோற அண்டைக்கு அவவே நாலு ஊசி எடுத்து என்ர சேட்டுப் பொக்கெற்றில குத்தி விடுவா. ஒண்டும் கதைக்கமாட்டா."

"அம்மா ஒருநாளும் கழட்டிப் பாக்கேல்லையோ?"

"இல்லை. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு அவவுக்குத் தெரியும்தானே."

இவ்வளவு வருடம் ஒரே வீட்டில் இருந்து எல்லாவற்றையும் தலைகீழாக விளங்கி வைத்திருந்திருக்கிறேன். பெரிய கணக்கு டீச்சர். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அப்ப உங்களுக்கு? அதுகளை வாசிக்க உங்களுக்கு ஏலுமோ?"

அப்பா ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நான் அந்த இடத்துக்காகத்தானே பிள்ளை வாசிக்கிறனான். யானையும் பூதமும் எனக்கென்னத்துக்கு?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். நான் குசினிக்குப் போய் உலையை வைத்தேன்.

நாலாம் நாள் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். அந்த ஆறு பக்கமும் மறுபடி குத்தியிருந்தன.

"நான் வாசிச்சனான் அப்பா, நான்தானே முதல் குத்தினது" என்றேன்.

"தெரியும். எண்டாலும் கிடக்கட்டும். இனிமேல் நான் முதல் வாசிச்சுப்போட்டுத் தாறன். நீ முந்தி வாசிக்காத."

அடுத்த மாதம் இன்னொன்று வாங்கி வந்தேன், அட்டையில் பாம்புத் தலை ராஜா. பக்கம் புரட்டாமல் கொடுத்தேன். அப்பா சேட்டைப் போட்டார், கடற்கரை வாங்குப் பலகையில் இருந்து வாசிக்கப் போவதாகச் சொன்னார். அந்திரட்டிக்குப் பிறகு அவர் படலை தாண்டியது அன்றைக்குத்தான். செருப்பைப் போட்டுவிட்டும் போகாமல் விறாந்தையில் நின்றார். என்ன பார்த்து நிற்கிறார் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை.

பிறகு உள்ளே போய் மெசின் லாச்சியைத் திறந்து நாலு குண்டூசி எடுத்தேன். வந்து அவருடைய பொக்கெற்றில் வரிசையாகக் குத்தினேன். நாலாவது ஊசி குத்தும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, அம்மாவுக்கா அண்ணாவுக்கா என்று தெரியவில்லை. அப்பா அது முடியும்வரை நின்றுவிட்டுப் போனார். படலையை நான் பூட்டவில்லை.