ஆலத்தம்பாடிக்கு ஒரு காலண்டருடன்

சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து, தஞ்சாவூரில் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறியபோது என் மடியில் ஒரு காலண்டர் இருந்தது. சென்னையில் பெரிய ஜவுளிக்கடை ஒன்று பொங்கலுக்காக அச்சிட்டது. அதில் இருப்பது நான் வரைந்த படம். எங்கள் வீட்டு ஒட்டுப் போர்வையின் படம். ஒரு டிராயிங் மாஸ்டருக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? போர்வையை வைத்திருக்கும் அத்தையிடம் இதைக் காட்டி, டில்லிக் கண்காட்சிக்குப் போர்வையையே கேட்டு வாங்கி வரலாம் என்று கிளம்பினேன்.

திருவாரூர் வரை சுமார் அறுபது கிலோமீட்டர். வழியெல்லாம் சம்பா அறுப்பு. சுவர்களில் உதயசூரியனும் கதிர் அரிவாளும் பக்கத்துப் பக்கத்தில். ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியும் கூலித் தகராறு ஓயவில்லை. திருவாரூரில் வேறு பஸ் ஏறினேன். கச்சனத்தில் கண்டக்டர் எல்லாரையும் இறக்கிவிட்டார்.

"ரோட்ட மறிச்சிட்டாங்க சார், வண்டி போவாது. ஆலத்தம்பாடி கிட்டதான், நடந்துடுங்க."

அந்தக் 'கிட்ட' எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

நடக்கும்போது போர்வையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக, குடும்பத்தில் ஒவ்வொருவர் துணியிலிருந்தும் ஒரு துண்டை அதில் சேர்த்துத் தைத்து வருகிறார்கள். உயிரோடு இருப்பவர் துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும். இறந்துவிட்டால் தையலைப் பிரித்து, வெளிறிய பின்பக்கம் மேலே வரத் திருப்பித் தைப்பார்கள். அத்தையின் புருஷனான மாமாவின் பூப்போட்ட நீலக் கைலி மட்டும் திரும்பாமலே இருந்தது. ஒரு அறுப்புத் தகராறில் போலீசுக்குப் பயந்து ஓடிய மாமா பிறகு வரவே இல்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே உறவில் எல்லாரும் முடிவுகட்டியிருந்தோம்.

கூலிக்காக வேலைநிறுத்தம் என்பதால் அத்தை அறுப்புக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். "வாடா தம்பி, நடந்தா வந்த?" என்று சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். காலண்டரை விரித்தேன். அவள் ஒவ்வொரு துண்டாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"இது எங்கம்மா பொடவ. இது ஒன் சட்ட. அப்படியே வரைஞ்சிருக்கியே." விரல் நின்றது. "இது மாமா கைலி. ஏன் வெளிறிக் கெடக்கு?"

"நீங்க திருப்ப மறந்துட்டீங்கன்னு நெனச்சேன் அத்தை. அதான் படத்துல சரி பண்ணிட்டேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் நெற்றியில் குங்குமத்தைப் பார்த்தேன். வந்ததிலிருந்து என் எதிரில்தான் இருந்திருக்கிறது.

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நான் மறக்கலடா. மெட்ராஸ்ல எங்கயோ மூட்ட தூக்குறாருன்னு கேள்வி. இந்தக் காலண்டர எத்தினி வீட்ல மாட்டியிருப்பாங்க?"

"ஆயிரக்கணக்குல இருக்கும் அத்தை."

"அவரு கண்ணுல பட்டா நம்ம போர்வைன்னு ஒடனே தெரிஞ்சிடும். என்னைச் செத்தவனா திருப்பிட்டாங்கன்னு நெனப்பாரு. அப்பறம் எதுக்குடா வருவாரு?"

போர்வையைக் கேட்க வாய் வரவில்லை. அவள் போட்ட சோற்றைத் தலைகுனிந்து தின்றுவிட்டு, மறியல் முடிந்ததும் வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன்.

சென்னை வந்ததும் என் வீட்டுச் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றினேன். மற்ற வீடுகளில் அது வருடம் முழுக்கத் தொங்கும்.