வல்லாரையில் ஒரு வெள்ளைப் புள்ளி

கண்ணாடித் தகட்டை வெறிச்சுப் பார்க்கிறதுக்கே பட்டம் குடுக்கிற தொழில் என்னுது. அடையாறில் ஒரு ஆய்வுக்கூடம். மறதி நோய்க்கு ஏதாவது இலையில் மருந்து கிடைக்குமான்னு தேடறேன். மாவு பூசின தகட்டின் அடியில் இலைச்சாறைச் சொட்டு வெச்சு, கரைப்பானில் நிறுத்தினா சாறு பிரிஞ்சு பிரிஞ்சு மேலே ஏறும். அப்புறம், மூளையில் ஞாபகத்துக்கு வேண்டிய ரசாயனத்தைச் சிதைக்கிற என்ஸைமையும் கூடவே சாயத்தையும் தெளிச்சா தகடு முழுக்க ஊதாவாகும். என்ஸைமை அடக்குற சரக்கு எங்கே இருக்கோ, அங்கே மட்டும் வெள்ளைப் புள்ளி. எனக்கு ரெண்டு வருஷமா ஊதாதான். வருஷா வருஷம் ஆய்வை எடைபோடற கமிட்டியில் இந்தத் தடவையும் புள்ளி காட்டலைன்னா ஆய்வுத் தலைப்பையே மாத்திடுவாங்க. ஆய்வு பண்ற சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்!

பெட்டிக்குள்ள என்ன?

என்ஸைம் ஐஸை விட்டு இறங்கினா செத்துப் போயிடும். ஈக்காட்டுத்தாங்கல் கூரியர் ஆபீஸில் தெர்மாகோல் பெட்டியை வாங்கி, மடியில் வெச்சுக்கிட்டு ஆட்டோவில் வந்தேன். சைதாப்பேட்டை சிக்னலில் வண்டி நின்னதும், "அண்ணா, சீக்கிரம், கெட்டுப் போயிடும்"னு புலம்பினேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "வஞ்சிரமா?"ன்னார். மீன் இல்லண்ணா, ஒரு சொட்டு மருந்துத் தண்ணின்னேன். பாவம், அடையாறு வரைக்கும் பறந்தார். இறங்கும்போதுதான் கேட்டார்: "இன்னாமா, ஒரு சொட்டுத் தண்ணிக்கா இம்மாம் பெரிய பொட்டி?"

வந்தாச்சு!

பதினாலாவது இலை, மயிலாப்பூர் மார்க்கெட்டில் வாங்கின வல்லாரை. தெளிச்சேன். ஊதாவுக்கு நடுவில் பளிச்சுன்னு வெள்ளைப் புள்ளி! நான் போட்ட கூச்சலில் பக்கத்து மேஜை செல்வி பிப்பெட்டைக் கீழே போட்டா. லேப் முழுக்க பால்கோவா.

எங்க கைடு மேடம் மட்டும் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, செல்வி வீட்டுத் தொட்டியில் வளர்ற வல்லாரையையும் போடச் சொன்னாங்க. போட்டேன். முழுக்க ஊதா. ஐயோ, ஊருக்கெல்லாம் பால்கோவா வேற குடுத்தாச்சு! மேடம் நிதானமா சொன்னாங்க: "போய் அந்தக் கீரைக்காரம்மாவைப் பாரும்மா."

ஓட்டை இல்லாத இலை

கீரைக்கார அஞ்சலையம்மா பெருமையா கட்டைப் பிரிச்சுக் காட்டினாங்க. "ஒரு இலையில ஓட்டை கீதா பாரு கண்ணு! தோட்டத்துல வாரத்துக்கு ரெண்டு தபா மருந்து அடிக்கிறாங்கோ."

பூச்சிமருந்து! அது பூச்சியைக் கொல்றதும் இதே என்ஸைமை அடக்கித்தான். பாடப்புத்தகத்தில் நானே அடிக்கோடு போட்ட வரி, மக்கு! தோட்டத்தில் கேட்டு வாங்கின மருந்தில் ஒரு சொட்டை, அதே தகட்டில் வல்லாரைக்குப் பக்கத்தில் ஓடவிட்டேன். ரெண்டு புள்ளியும் ஒரே உயரத்தில் நின்னுது, அதாவது ரெண்டும் ஒரே சரக்கு.

கமிட்டியில் மூணு தகட்டையும் மேஜையில் வெச்சு, "நான் கண்டுபிடிச்சது பூச்சிமருந்து சார்"னு அழாத குறையா சொன்னேன். தலைவர் ஒவ்வொரு தகடா எடுத்து வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்தார். என் கதை முடிஞ்சுதுன்னே நினைச்சேன். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, எங்காத்துக் கீரையையும் இதுல போட்டுப் பார்க்க முடியுமோ? நாங்களும் மயிலாப்பூர் மார்க்கெட்லதான் வாங்கறோம்."

தலைப்பு மாறித்தான் போச்சு, இப்ப என் வேலை கீரையில் பூச்சிமருந்து தேடறது. ரெண்டு வருஷமா வெள்ளைப் புள்ளி வரணும்னு வேண்டினவ, எங்க வீட்டுக் கீரையைப் போடும்போதெல்லாம் அது வந்துடக் கூடாதேன்னு வேண்டிக்கிறேன்.