வேனில் தொங்கிய ராணி

இன்று காலை என் தேன்பெட்டியைத் திறந்ததும் எழுந்த மெழுகு வாசனையில் அம்மாவின் ஞாபகம் வந்தது.

சிவகாசி பட்டாசு ஆலையில் வேலைபார்த்த அம்மா, வீட்டில் ஒரு பெட்டித் தேனீ வளர்த்தாள். ஒருநாள் தேனீக்கள் பெருகி இடம் போதாமல், பாதிக் கூட்டம் ராணியோடு வெளியேறி, அம்மாவை ஏற்ற வந்து வாசலில் நின்ற ஆலை வேனின் பக்கக் கண்ணாடியில் கொத்தாகத் தொங்கியது. டிரைவர் குதித்து டீக்கடைக்கு ஓடிவிட்டார்.

பறந்துபோனால் கூட்டம் திரும்பி வராதே என்று, அம்மா காலிப் பெட்டியை அடியில் பிடித்து, கொத்தைக் கையாலேயே மெல்ல வழித்தாள். ராணி உள்ளே விழவும் மற்றவையும் பின்னாலேயே நுழைந்தன.

“கொட்டலையாக்கா?” என்று வேனிலிருந்த பெண்கள் கேட்டார்கள்.

“வயிறு நெறையத் தேன் குடிச்சிட்டுல்ல கெளம்புதுக, கொட்டாது. இனி நமக்கு ரெண்டு பெட்டி,” என்று அம்மா சிரித்தாள்.

டீக்கடையிலிருந்து டிரைவர் கேட்டார்: “எக்கா, ராணியம்மா எறங்கிட்டாகளா? வண்டிய எடுக்கட்டுமா?”