அரமா, கிரைண்டரா?

நகராட்சியின் பூங்காப் பிரிவில் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பங்களின் பற்களைத் தீட்டிக்கொண்டிருந்தவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ரயிலில் மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். பத்தரைக்கெல்லாம் என் அக்கா அந்த வேலைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டாள்!

மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பிய வாரம் அது. பெட்டியைப் பிரிக்கக்கூட விடாமல் என்னை வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்கு இழுத்துப்போனாள்.

அக்கா ஒன்பது வருடம் மரக்கிடங்கில் அறுப்பு வேலை செய்தவள். அரத்தால் சங்கிலி தீட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. போன வருடம் மர அடுக்கிலிருந்து விழுந்ததில் இடது தோள் போயிற்று; ரம்பத்தைத் தூக்க முடியவில்லை. உட்கார்ந்து தீட்டும் இந்த வேலையும் கிடைக்காவிட்டால் தொழிலையே விட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை தேர்வு. அரை மணியில் ஒரு சங்கிலியைத் தீட்ட வேண்டும். அவர்கள் ஆள் அறுத்துப் பார்ப்பார். வெட்டு நேராக இறங்க வேண்டும்.

அக்கா அரத்தால் தீட்டினாள், நான் அறுத்துப் பார்த்தேன். வெட்டு வலப்பக்கம் வளைந்தது.

"கோணலா பிடிச்சியாடி?"

"ரம்பம் என்னை இழுக்குது, நான் என்ன பண்ண?"

சங்கிலியில் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக இருக்கும். பல்லுக்கு ஆறு தேய்ப்பு என்று எண்ணித்தான் தேய்த்தாள். ஆனால் இடப் பற்களுக்குக் கை மாறும்போது அந்தத் தோள் அழுத்தவில்லை; அவை பாதி மழுங்கலாகவே இருந்தன.

அத்தான் மின் கிரைண்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். "இனி உன் தோளுக்கு ஓய்வு, தாயே!" என்று முதல் பல்லில் அழுத்தினார். பொறி பறந்தது. பல் நீலமாகிவிட்டது.

"சூடேறிப் போச்சுங்க! இனி இதுல அரமும் ஏறாது."

"பார்க்க அழகாத்தானே இருக்கு?"

"ஆமா, கழுத்துல போட்டுக்குங்க."

பிறகு அவளே உட்கார்ந்தாள். தொடு, எடு; தொடு, எடு. மூன்று சங்கிலிகளைப் பாழாக்கி நான்காவதில் பிடிபட்டது.

தேர்வு மேசையில் அரம், கிரைண்டர் இரண்டையும் வைத்தாள். கொடுத்த சங்கிலியில் ஒரு பல் கல்லில் பட்டுப் பாதி உடைந்திருந்தது. வெட்டு நேராக இறங்க, மற்ற எல்லாப் பற்களையும் அதன் அளவுக்குக் குறைத்தாக வேண்டும். பழக்கத்தில் கை அரத்துக்குப் போயிற்று. ஒரு நொடி. பின்வாங்கியது.

"அரத்தை விட்டுட்டாளே!" என்றார் வேடிக்கை பார்க்க வந்து பின்னால் நின்ற அவளுடைய பழைய மரக்கிடங்குக்காரர்.

இருபத்தாறாவது நிமிடம் ஸ்விட்சை அணைத்தாள். அவர்கள் ஆள் கையில் ரம்பம் உறுமியது, பொடியாக இல்லாமல் சீவல் சீவலாகத் தூள் பறந்தது. வட்டமாக விழுந்த துண்டின்மேல், வெட்டு நேரா என்று பார்க்க, மூலைமட்டத்தை வைத்தார் அதிகாரி. இடுக்கில் வெளிச்சமே தெரியவில்லை! நான் கத்திய கத்தலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லி அனுப்பறோம்மா" என்றார் அவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

எட்டு மாதம் எந்தத் தகவலும் இல்லை. நான் மறுபடியும் ஊர்சுற்றக் கிளம்பி, ஏதோ ஒரு துறைமுகத்தில் படகுக்கு வரிசையில் நின்றபோது கைபேசி அதிர்ந்தது.

"கிடைச்சிடுச்சுடி! இன்னைக்குக் காலையில சேர்ந்தேன், மத்தியானத்துக்குள்ள பதினொரு சங்கிலி முடிச்சிட்டேன். உங்க அத்தான் பட்டறை வாசல்லயே நிக்கறாரு. போங்கன்னா போக மாட்டேங்கறாரு."