விசிலடித்தால் ரொட்டி அமுங்குமா?

தெருமுனை ரொட்டிக் கடைக்காரரின் மச்சான் விசிலடித்தால் ரொட்டி அமுங்கிவிடுகிறதாம். அதனால் கடைக்காரர் அவனை வேலையை விட்டே நிறுத்திவிட்டாராம். தெருவெல்லாம் இதே பேச்சு. விசாரிக்கப் போனேன். நிறுத்தியது நிஜம்தான்.

கடைக்காரர் சொந்தக் கல்யாணத்துக்கே கையில் மாவோடு போனவர். அவர் ரொட்டி உயரமாக இல்லை என்று யாராவது சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, காலையில் விசிலடித்தபடி வந்து சைக்கிளில் ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவன். வேறு பிழைப்பு கிடையாது. ஒரு நாள் அவன் விசிலடித்தபடி மாவு அறைக்குள் வந்தான், அன்றைக்கு ரொட்டி அமுங்கிப்போனது.

மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். தம்பிக்காகக் கெஞ்சவில்லை, அழவில்லை. குற்றச்சாட்டை எழுதித் தரச் சொன்னார். கணவர் எழுதினார்: "அவன் வாய் ராசியில்லாத வாய்."

சிவப்பு மையில் அடித்தார் டீச்சர். "ராசியை எதை வச்சு அளப்பீங்க? சோதிச்சுப் பாக்கிற மாதிரி கேளுங்க."

"அவன் விசிலடிச்சா ரொட்டி அமுங்குமா?"

"இது கேள்வி. இப்ப இதுக்கு உங்க பதிலை எழுதுங்க. தப்புன்னா தப்புன்னு தெரியற மாதிரி இருக்கணும்."

நாலு தாள் கசங்கின. ஐந்தாவது தேறியது: "மாவு பொங்கும்போது மச்சான் விசிலடித்தால், விசிலடிக்காத நாளைவிட ரொட்டியின் உயரம் குறையும்." இதற்குப் பெயர் கருதுகோளாம். கடைக்காரர் அதை ஏதோ தீர்ப்பு என்று நினைத்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

மறுநாள் மச்சானை மாவு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒன்றரை மணி நேரம் விசிலடித்தான். கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. ரொட்டியோ பதினொரு சென்டிமீட்டர். விசில் இல்லாத நாளிலும் அதே பதினொன்றுதான்.

"அப்ப அன்னைக்கு மட்டும் ஏன் அமுங்குச்சு?" என்று கடைக்காரர் விடவில்லை. மச்சானுக்கு உள்ளே வந்தால் கதவைச் சாத்துகிற வழக்கமில்லை என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே அன்றைக்குப் போலவே பல் கிட்டும் குளிர். புதுக் கருதுகோள் எழுதி, மச்சானை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவை மட்டும் திறந்து வைத்துப் பார்த்தார்கள். எட்டு சென்டிமீட்டர்.

மச்சானுக்கு அன்றே வேலை திரும்பக் கிடைத்தது. மன்னிப்பு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கடைக்காரர் சூடான ரொட்டி ஒன்றை நீட்டினார். அவன் முழுசாகத் தின்று முடித்துவிட்டு, "ரொட்டி வேற, மன்னிப்பு வேற மாமா" என்றான்.

எட்டு மாதம் ஆயிற்று. கதவைத் திறந்து போட்டவன்தான் முதலில் மன்னிப்புக் கேட்கணும் என்கிறார் கடைக்காரர். இன்னும் யாரும் கேட்டபாடில்லை.