ஊசியைக் கையில் கொடுக்கக் கூடாது

போன வருடம் ஈஸ்டர் விடுமுறையில் நடந்தது இது. ஆக்லாந்தில் அது இலையுதிர் காலம். வெயில் குறைந்து, காலையில் எழுந்ததும் ஸ்வெட்டரைத் தேடும் நேரம். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வாரம் நைட் டியூட்டி பார்த்துவிட்டு, கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சலோடு பிளாக்ஹவுஸ் பே வீட்டுக்கு வந்து இறங்கினால், வாசலில் கேம்பர்வேன் தயாராக நிற்கிறது. உள்ளே குட்டி அடுப்பு, எதிரெதிரே சோபா, இழுத்துப் போட்டால் கட்டில் என்று சக்கரம் வைத்த வீடு அது. என் கணவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய வண்டி.

"ரிலாக்ஸா ஒரு நாள் இருந்துட்டு வருவோம்மா" என்றார்.

ரிலாக்ஸ் என்றால் எனக்கு என் கட்டிலும் இழுத்து மூடிய திரைச்சீலையும்தான். அதைச் சொல்லி வாதாடக்கூட உடம்பில் தெம்பில்லை. எங்கே தூங்கினால் என்ன என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பூனையும் கூடவே வந்தது. எங்கள் மகளின் பூனை. அவள் கடல் தாண்டித் தெற்குத் தீவில், டனீடனில் படிக்கப் போனபோது எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். தினமும் சாயங்காலம் வீடியோ கால் வரும். "ஹாய் மா" என்பதற்கு அடுத்த பேச்சே பூனையைக் காட்டு என்பதுதான். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். அதுவும் எங்களுக்கு ஒரு வரி, பூனைக்குப் பத்து வரி. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும், சில நாள் படுத்தபின் அழுததும் உண்டு. ஆனால் அந்தப் பூனைதான் அவளைத் தினமும் போன் செய்ய வைக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் வீட்டில் அதற்கு ராஜ மரியாதை.

பாபகூராவைத் தாண்டி, கடலோரத்தில், பூனை நாய்களை அனுமதிக்கும் ஒரு கேம்ப் கிரவுண்டில் வண்டியை நிறுத்தினோம். டீ போட்டுக் குடித்தோம். வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காதே எனக்கு! குவில்ட் பையை எடுத்தேன். துண்டுத் துணிகளை ஒட்டி, நடுவே பஞ்சு வைத்து, கையாலேயே தைக்கும் போர்வை அது. டனீடன் குளிருக்கு மகளுக்கு அனுப்புவதற்காக என் பழைய காட்டன் புடவைகளையும் சுடிதார்களையும் வெட்டித் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் போர்த்திக்கொள்வாளா, மடித்து அலமாரியில் வைத்துவிடுவாளா என்று தெரியாது. இருந்தாலும் தைத்தேன்.

நூல் தீர்ந்தது. ஊசிக் காது இரண்டாகத் தெரிந்தது எனக்கு. "இதைக் கோத்துக் குடுங்களேன்" என்று ஊசியைப் பக்கத்தில் வைத்தேன். அவர் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நீளமாக நூல் கோத்து, சோபா மெத்தை மேல் வைத்தார். "வெச்சிருக்கேன், எடுத்துக்கோ" என்றார்.

கையில் கொடுக்க மாட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் ஊசி, உப்பு, மிளகாய், கத்தரிக்கோல் எதையும் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் இருவருக்கும் சண்டை வருமாம். ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். நானும் "ம்" என்றேன். கண்ணை ஒரு நிமிடம் மூடினேன். அவ்வளவுதான், அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன். அவர் டீ டம்ளர் கழுவ வெளியே போயிருக்கிறார்.

ஏதோ கரகரவென்று சத்தம் கேட்டு விழித்தேன். பூனை என் காலடியில் தலையைத் தாழ்த்திக்கொண்டு, முன்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. எச்சில் ஒழுகியது. வாயோரத்தில் நீல நூல் ஒன்று தொங்கியது. மெத்தையைப் பார்த்தேன், ஊசியைக் காணோம்.

அய்யோ, அந்த நூலைப் பிடித்து இழுக்கத்தான் என் கை போனது! இழுத்தால் உள்ளே இருக்கும் ஊசி இன்னும் ஆழமாகக் குத்தும் என்று நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை முன்னால் போனது. என் கையை நானே இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

பாபகூராவில் விடுமுறையிலும் திறந்திருந்த ஒரு மிருக மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்பினோம். பூனைக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வண்டி எப்போதுதான் வேகமாகப் போயிருக்கிறது? ஒவ்வொரு வளைவிலும் அலமாரியில் தட்டுகள் சரிந்தன. பூனை வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

"கையில குடுத்திருக்கக் கூடாதா?" என்றேன்.

"கையில குடுத்தா சண்டை வரும்னு சொல்றது யாரு? நீதானே?"

"இப்ப மட்டும் என்ன கொஞ்சிக்கிட்டா இருக்கோம்?"

கூண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று எனக்குப் பயம். பூனைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகளிடம் என்ன சொல்வது என்பது ஒரு பக்கம். பூனை இல்லாத வீட்டுக்கு அவள் எதற்காக இனி தினமும் போன் செய்யப் போகிறாள் என்பது இன்னொரு பக்கம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்த பயம் அதுதான்.

எக்ஸ்ரேயில் ஊசி தொண்டையில் குறுக்கே நிற்பது தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்து எடுத்துப் பார்க்கிறோம், கீழே இறங்கிவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. ஊசி எப்படிப் பூனைக்குக் கிடைத்தது என்று அவர் கேட்டபோது, என் கணவர் ஊசியைக் கையில் கொடுக்காத கதையை ஆரம்பத்திலிருந்து இங்கிலீஷில் விளக்கினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அப்போது பார்த்து மகளின் வீடியோ கால். அவர் கட் பண்ணினார். மறுபடி அடித்தது. எத்தனை முறை கட் பண்ணுவது? நானே எடுத்தேன்.

ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. "அம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அதைத் தமிழில் கேட்டாள். எனக்கொன்றுமில்லை, பூனை ஊசியை விழுங்கிவிட்டது என்று சொன்னேன். திட்டுவாள், போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அப்பா கையில குடுக்காம கீழ வெச்சாரா?"

நான் திகைத்துப் போனேன். ஊசி எங்கே இருந்தது என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. உனக்கெப்படித் தெரியும் என்றேன்.

பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னாள். அவளோடு தங்கியிருக்கும் பெண் ஒருநாள் கத்தரிக்கோல் கேட்டுக் கையை நீட்டியிருக்கிறாள். இவள் மேஜைமேல் வைத்திருக்கிறாள். மறுபடி கேட்டபோதும் அப்படியே. என்மேல் ஏதாவது கோபமா என்று அந்தப் பெண் கேட்டேவிட்டாளாம்.

"நீ என்னடி சொன்னே?" என்றேன்.

"எங்க வீட்ல இப்படித்தான்னு சொன்னேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவளுக்கு நாங்கள் யாரும் இந்தப் பழக்கத்தை உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. தமிழைத்தான் உட்கார வைத்துச் சொல்லித் தந்தோம், அது அவளுக்கு ஏறவில்லை. டாக்டரம்மா வரும்வரை அவள் போனை வைக்கவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊசி வெளியே வந்துவிட்டது. வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. மயக்கம் தெளியாமல், நாக்கு லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த பூனையை அவளுக்குக் காட்டினேன். அழுதுகொண்டே சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த உடையோடு விழுந்து தூங்கினேன்.

இப்போதும் நான் நைட் டியூட்டி முடித்து அலுத்துச் சலித்துத்தான் வீட்டுக்கு வருகிறேன், மகளும் இங்கிலீஷில்தான் பேசுகிறாள், பூனையைத்தான் முதலில் கேட்கிறாள். ஆனால் பிள்ளை நம்மை விட்டுத் தூரமாகப் போய்விட்டாளே என்று தலையணையில் முகம் புதைத்து அழுவதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன்.